பேனலுக்குக் கீழே தீவனப்புல் தேறவில்லையா? நீலகிரி விவசாயிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

சோலார் பேனல்களுக்குக் கீழே விதைத்த தீவனப்புல் சரியாக வரவில்லை என்றால், பார்ப்பவர் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "நிழல்." சமவெளியில் அந்தப் பதில் ஓரளவுக்குப் போதும். நீலகிரியில் போதாது. இங்கே பேனல் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. மழையைத் திரட்டி ஓரிடத்தில் கொட்டுகிறது. பக்கத்திலேயே இன்னோரிடத்தில் மழை படாமல் தடுக்கிறது. மார்கழி இரவில் உறைபனியிலிருந்து புல்லைக் காக்கிறது. மூடுபனி நாட்களில் இலையின் ஈரத்தை உலரவிடாமல் வைத்திருக்கிறது. இவை ஒவ்வொன்றும் நிலத்தின் வெவ்வேறு பட்டையில் நடக்கின்றன. ஆகவே புல்லுக்கு என்ன வந்திருக்கிறது என்று கேட்பதற்கு முன், எந்தப் பட்டையில் வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். உரமும் மருந்தும் வாங்குவது அதற்குப் பிறகு.

மலையில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. வைக்கோல் மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேறி வர வேண்டியிருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் அரிந்தெடுக்கும் ஒவ்வொரு கட்டுப் பசும்புல்லும் அந்தச் செலவில் மிச்சம். பேனலுக்காக விட்ட நிலத்தைத் தீவனத்துக்கும் பயன்படுத்த முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டை அறிந்து செய்தால் வரும்.

நிலத்தை நான்கு பட்டைகளாகப் பாருங்கள்

ஒரு பேனல் வரிசையின் நேர் கீழே இருப்பது நடுப்பட்டை. தாழ்ந்த விளிம்புக்குக் கீழே மழைநீர் கோடாக விழும் இடம் சொட்டுக்கோடு. உயர்ந்த விளிம்புக்கு அப்பால், பருவத்துக்குப் பருவம் வெயிலும் நிழலும் இடம் மாறும் பட்டை ஒன்று உண்டு. அதை மாறுபட்டை என்று வைத்துக்கொள்வோம். வரிசைகளுக்கு நடுவே வானம் முழுதாகத் தெரியும் இடம் திறந்த பட்டை. நான்கையும் குச்சி நட்டு அடையாளம் செய்துவிடுங்கள். எந்தப் பிரச்சினை வந்தாலும் முதல் வேலை, அது எந்தக் குச்சிக்கும் எந்தக் குச்சிக்கும் நடுவே தொடங்கி முடிகிறது என்று பார்ப்பதுதான்.

மாறுபட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீலகிரி ஏறக்குறைய 11.4 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. பேனலோ எப்போதும் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. டிசம்பர் நடுப்பகலில் சூரியன் 55 பாகை உயரத்தில்தான் நிற்கும், 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேல் விளிம்பின் நிழல் வடக்கே ஏறக்குறைய 1.75 மீட்டர் தள்ளி விழும். ஜூன் மாதத்தில் அதே விளிம்பின் நிழல் அரை மீட்டர் அளவுக்குத் தெற்கே நகர்ந்துவிடும். ஆகவே, "வைகாசியில் நன்றாக வந்த புல் கார்த்திகைக்குப் பிறகு ஏன் சோர்ந்துவிட்டது?" என்று கேட்பவர், அந்தப் புல் பேனலுக்கு வடபுறம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. வெயில் இடம் மாறியிருக்கிறது.

புல் நெட்டையாக வளர்ந்து, வெளிறி, சாய்கிறது

நடுப்பட்டையில் மட்டும் இப்படி இருந்தால் இது உண்மையிலேயே நிழல்தான். கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி நீண்டிருக்கும், தண்டு மெலிந்திருக்கும், இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஒரு தூரைப் பிடித்துப் பிரித்துப் பாருங்கள்: அடியில் புதுக் கிளைப்புகள் குறைவாக இருந்தால் ஒளி போதவில்லை என்று பொருள்.

இங்கே பெரும்பாலும் தவறாகத் தேர்ந்தெடுக்கப்படுவது புல் இனம். மலையெங்கும் தானாகவே படர்ந்திருப்பதால் கிகுயு புல்லைத்தான் எல்லோரும் பேனலுக்குக் கீழேயும் நடுகிறார்கள். கிகுயு வெயிலை விரும்பும் புல். திறந்த பட்டையிலும் சொட்டுக்கோட்டிலும் அதற்கு இணையில்லை. நடுப்பட்டையில் அது மெலிந்துகொண்டே போகும். உதகை, கேத்தி, கோத்தகிரியின் மேல்பகுதி போன்ற குளிர்ந்த இடங்களில் நடுப்பட்டைக்கு என் முதல் தேர்வு காக்ஸ்ஃபுட் புல். நிழலைத் தாங்கும், குளிரைத் தாங்கும், தூர்கட்டி நிற்கும். கூடலூர், பந்தலூர் போன்ற தாழ்ந்த, வெதுவெதுப்பான பகுதிகளில் கினியா புல் அந்த வேலையைச் செய்யும். தென்னந்தோப்பு நிழலில் கினியா வளர்வதைச் சமவெளியில் பார்த்திருப்பீர்கள். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை உதகை உயரத்தில் பேனலுக்குக் கீழே முயல வேண்டாம்; குளிரும் நிழலும் சேர்ந்தால் அது எழும்பாது. எழும்பும் இடத்தில் இன்னொரு தொல்லை உண்டு: அது பேனலின் உயரத்தையே தாண்டிவிடும்.

இனம் சரியாக இருந்தும் சாய்கிறதென்றால் யூரியாவைக் குறைத்துவிடுங்கள். நிழலில் இருக்கும் பயிர் வெயிலில் இருக்கும் பயிரின் உரத்தைச் செரிக்காது. இதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. மாட்டைப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன். அரியும் உயரத்தையும் மாற்றுங்கள். திறந்த வெளியில் ஒட்ட அரிந்து பழகிய கை, நடுப்பட்டையில் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் அடிக்கட்டை விட வேண்டும். காக்ஸ்ஃபுட் தன் சேமிப்பைத் தண்டின் அடியில்தான் வைத்திருக்கிறது. நிழலில் அந்தச் சேமிப்பு மெதுவாகத்தான் நிரம்பும் என்பதால், அறுப்புக்கும் அறுப்புக்கும் இடைவெளியும் கூடுதலாக வேண்டும்.

ஆடி மாதச் சாரலில் இந்த அறிகுறி எல்லாப் பட்டையிலும் தெரிந்தால் பேனலைக் குறை சொல்ல வேண்டாம். அப்போது மலை முழுவதுமே மேகத்துக்குள் இருக்கிறது. மேகமூட்டத்தில் ஒளி எல்லாப் பக்கங்களிலிருந்தும் பரவி வருவதால், உயரமாக நிறுத்திய பேனலுக்குக் கீழே பக்கவாட்டு ஒளி நன்றாகவே நுழையும். தாழ நிறுத்தியதன் கீழே நுழையாது. இனிமேல்தான் பேனல் போடப்போகிறீர்கள் என்றால், தாழ்ந்த விளிம்பை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தக் கேளுங்கள். காற்றுக்கு ஈடுகொடுக்கும் அடித்தளம் அதற்குத் தேவைப்படும், செலவும் கூடும். ஆனால் நீலகிரி வானத்துக்கு அந்தச் செலவு வீண் போகாது.

சொட்டுக்கோட்டில் மண் அரித்து, வெறும் கோடாகத் தெரிகிறது

இதுதான் இந்த மலையின் தலையாய பிரச்சினை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேனல் சரிவு வாட்டத்தில் 2 மீட்டர் இருக்கிறது, 1 சென்டிமீட்டர் மழை பெய்கிறது என்றால், சொட்டுக்கோட்டின் ஒவ்வொரு மீட்டரிலும் ஏறக்குறைய 20 லிட்டர் தண்ணீர் விழும். இரண்டு பேனல்களை மேலும் கீழுமாக அடுக்கியிருந்தால் 40 லிட்டர். நீலகிரியில் 1 சென்டிமீட்டர் என்பது மழைக்கணக்கிலேயே வராது; 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மழை விட்ட மறுநாள் காலை, சொட்டுக்கோட்டை ஒட்டி நிற்கும் புல்லின் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். செம்மண் துகள்கள் புள்ளி புள்ளியாக ஒட்டியிருந்தால், நீர்த்துளி மண்ணை அடித்துச் சிதறவைக்கிறது. அடுத்து, சிறு கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மண் கால் மேல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். கல்லுக்குக் கீழே இருக்கும் மண் மட்டும் தங்கி, சுற்றியிருந்தது போய்விட்டது. அதற்கும் அடுத்த கட்டம் ஓடை. புள்ளிகள் தெரியும் கட்டத்திலேயே கைவைத்தால் வேலை எளிது.

கைவைப்பது எப்படி? தண்ணீர் விழும் கோட்டில் ஒரு முழ அகலத்துக்கு ஜல்லி பரப்புவது உடனடித் தீர்வு. நிரந்தரத் தீர்வாக நான் நம்புவது கிகுயு. அதன் கொடித் தண்டுகளை வெட்டி, கோடை மழை தொடங்கியதும் சொட்டுக்கோடு நெடுக நெருக்கமாகப் பதித்துவிடுங்கள். அது பாய்போல் பின்னிக்கொண்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நல்ல நீர்வளம் கிடைப்பதால் தீவனமும் தரும். பேனல் விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகரப் பீலி கட்டித் தொட்டியில் சேர்ப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் பீலியில் சேரும் சருகையும் பாசியையும் மழைக்காலத்தில் அடிக்கடி வாரிவிட ஆள் வேண்டும். வார மாட்டோம் என்றால் கட்டவே வேண்டாம். அடைத்த பீலி ஒரே இடத்தில் வழியும். அங்கே குழி விழும்.

சரிவு எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். நிலம் தெற்கே சரிந்திருந்தால், சொட்டும் நீர் பேனலை விட்டு விலகிக் கீழே ஓடும். நிலம் வடக்கே சரிந்திருந்தால் தாழ்ந்த விளிம்பு மேட்டுப் பக்கம் இருக்கும். கொட்டுகிற நீர் அப்படியே திரும்பிப் பேனலுக்கு அடியில் ஓடும். "வெயிலும் படாத, மழையும் படாத நடுப்பட்டை ஏன் சேறாக இருக்கிறது?" என்பதற்கு விடை இதுதான். வடக்குச் சரிவில் சொட்டுக்கோட்டிலேயே சமமட்டத்தில் ஒரு ஆழமற்ற வாய்க்கால் எடுத்து, வரிசையின் ஓரத்துக்கு நீரைத் திருப்பிவிடுங்கள். அந்த ஓரத்தில் கல்லடுக்கு இல்லாமல் திருப்பிவிடக் கூடாது. உங்கள் நிலத்து நீர் அடுத்தவர் தேயிலைத் தோட்டத்தில் மண்ணை அரிக்கும்.

மழை பெய்தும் நடுப்பட்டை காய்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். தெற்குச் சரிவிலும் சமதளத்திலும் நடுப்பட்டைக்கு மழை கிடைப்பதே இல்லை. காக்ஸ்ஃபுட் வேரைப் பக்கவாட்டில் விட்டுத் தேடிக்கொள்ளும். புதிதாக விதைத்த சிறு விதை தேடாது. விதைத்த முதல் ஆறு வாரங்களுக்குப் பூவாளியோ சொட்டுநீர்க் குழாயோ தேவை. பிறகு விட்டுவிடலாம்.

இலை ஊதா நிறம், மஞ்சள் நிறம், தரையில் பாசி

இது எல்லாப் பட்டைகளிலும் சமமாக இருந்தால் பேனலுக்கும் இதற்கும் தொடர்பில்லை, மண்ணைப் பாருங்கள். நீலகிரி மண் அமிலத்தன்மை கொண்டது. இந்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொள்கின்றன. இளம் பயிரின் இலை விளிம்பில் ஊதா ஓடுவது மணிச்சத்துப் பற்றாக்குறையின் அடையாளம். அடி இலைகள் முதலில் வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை. தரையில் பச்சைப்பாசி மெத்தையாகப் படர்ந்தால் அமிலம், ஈரம், இறுகிய மண் மூன்றும் கூடியிருக்கின்றன. பாசியைச் சுரண்டி எடுப்பதால் பயனில்லை, திரும்ப வரும்.

மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு போடாதீர்கள். பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது நடுப்பட்டை மண்ணையும் திறந்த பட்டை மண்ணையும் தனித்தனிப் பையில் எடுங்கள். ஒன்றாகக் கலந்து கொடுத்தால் வரும் முடிவு இரண்டுக்கும் பொருந்தாது. பரிசோதனை முடிவு சொல்லும் அளவு டோலமைட் சுண்ணாம்பை விதைப்புக்கு ஓரிரு மாதம் முன்பே போட்டு மண்ணில் கலக்க வேண்டும். மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் இந்த அமில மண்ணில் நன்றாகவே கரையும்.

குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியை விதைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசி, அதிலிருக்கும் சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. அமிலமோ, ஒளிக்குறைவோ, விதையோடு ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலக்காததோ காரணம். முடிச்சே இல்லையென்றால் முதலில் ரைசோபியத்தைச் சந்தேகியுங்கள். குதிரைமசாலை இந்த மண்ணில் விதைத்துவிட்டு வரவில்லை என்று வருந்துபவர்கள் பலர். அமில மண் அதற்கு ஆகாது; பேனல் இல்லாவிட்டாலும் வராது. வெள்ளைக் குளோவர்தான் நமக்கு ஏற்றது, அதுவும் திறந்த பட்டையிலும் மாறுபட்டையிலும்.

இந்த மஞ்சள் நேர்க்கோடாக, பேனல் வரிசையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா? அங்கே கேபிள் பள்ளம் தோண்டி மூடியிருக்கிறார்கள். அடிமண் மேலே வந்து மேல்மண் உள்ளே போய்விட்டது. அந்தக் கோட்டில் மக்கிய எருவைக் கூடுதலாகப் பரப்பினால் போதும். கடப்பாரை போட்டுக் கிளறக் கூடாது. கீழே மின்கம்பி இருக்கிறது.

திறந்த பட்டை கருகிவிட்டது, பேனலுக்குக் கீழே பச்சையாக இருக்கிறது

உறைபனி. மேகமற்ற இரவில் தரையின் வெப்பம் வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. பேனல் இடையில் நிற்கும் இடத்தில் அவ்வளவு போவதில்லை. உதகை தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் செடிகளின் மேல் மிலார் செடியின் கிளைகளைப் போர்த்துவதும் இதற்காகத்தான். தலைகுந்தா, சாண்டிநல்லா பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு ஜனவரிக் காலையில் போய்ப் பார்த்தால் தெரியும்: திறந்த பட்டை வெள்ளை, நடுப்பட்டை பச்சை, பேனலின் கண்ணாடி மேலும் வெள்ளை. வெயில் ஏறியதும் கண்ணாடிப் பனி உருகிச் சொட்டுக்கோட்டில் இறங்கும். மழையில்லாத அந்த மாதங்களில் சொட்டுக்கோட்டுப் புல் காயாமல் நிற்பதற்கு அந்த நீரும் ஒரு காரணம்.

ஆகவே இதைப் பிரச்சினையாகப் பார்க்காமல் திட்டமாகப் பயன்படுத்துங்கள். புரட்டாசி, ஐப்பசியில் நடுப்பட்டைப் புல்லை அரிந்துவிட்டு, மார்கழி, தை மாதங்களுக்காக அதை வளரவிட்டு வையுங்கள். திறந்த பட்டையைப் பனிக்கு முன்பே முழுதாக அரிந்து தீர்த்துவிடுங்கள். பனிக்காலத்தின் பசுந்தீவனப் பஞ்சத்தில் பேனலுக்கு அடியில் நிற்கும் புல்தான் கைகொடுக்கும். கருகிய கிகுயுவைப் பிடுங்கி எறிய வேண்டாம். இலைதான் போயிருக்கிறது, மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கிறது, கோடை மழையில் துளிர்க்கும்.

பேனல் இருந்தும் அடியில் உள்ள புல் கருகினால், நிலத்தின் தாழ்ந்த எல்லையைப் பாருங்கள். குளிர்காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கும். அங்கே அடர்த்தியான வேலியோ மதிலோ இருந்தால் அது காற்றைத் தேக்கிவைக்கும். வேலியின் அடிப்பகுதியில் இடைவெளி விடுங்கள்.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. பேனல் நிழலில் கோடையின் பிற்பகுதியில் மேய்ச்சல் புல் 90 சதவீதம் கூடுதலாக வந்ததாக அது சொன்னது. அதைப் படித்துவிட்டு ஆண்டு முழுவதும் அப்படி வரும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கோடை வறட்சியானது. நிழல் ஈரத்தைக் காத்தது. நமக்கு அதற்கு நிகரான காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஜூலையில் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. பேனலின் பலனை அளந்து பார்க்க விரும்பினால் மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் தனித்தனியாக எடை போடுங்கள்.

இலையில் ஆரஞ்சு நிறத் தூள்

துருநோய். தீவனத்துக்காக விதைக்கும் ஓட்ஸில் அதிகம். விரலால் தடவினால் தூள் ஒட்டிக்கொள்ளும். காலையில் மற்ற இடங்களில் பனிநீர் உலர்ந்த பிறகும் நடுப்பட்டையில் இலை நனைந்தே இருப்பதுதான் காரணம். தீவனப் பயிருக்கு மருந்தடிப்பதை நான் ஏற்பதில்லை. தூள் தெரிந்ததும் முன்கூட்டியே அரிந்து கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை விதையை நெருக்கமில்லாமல் தூவி, வரிசையைக் காற்று வரும் திசைக்கு நேராக அமையுங்கள்.

மாடு தின்ன மறுக்கிறது, தின்றபின் உடல் சரியில்லை

இந்தப் பகுதியைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். புல் போனால் திரும்ப விதைக்கலாம்.

முகர்ந்துவிட்டு ஒதுக்குகிறது என்றால், அடி இலைகள் அழுகி நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். நிழல் புல்லில் சர்க்கரையும் குறைவு, நீர் அதிகம். வெயில் ஏறிய பிறகு, மதியத்துக்கு மேல் அரிந்து, சற்று வாடவிட்டு, வைக்கோலோடு கலந்து கொடுத்தால் பெரும்பாலும் தின்னும்.

மூச்சு இரைக்கிறது, தள்ளாடுகிறது, ஈறும் கண் இமையின் உட்புறமும் பழுப்பாகத் தெரிகின்றன என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இது நைட்ரேட் நஞ்சாக இருக்கலாம். இரத்தமே சாக்லேட் நிறத்துக்கு மாறிவிடும். உடனே ஊசி போட்டால் காப்பாற்ற முடியும். பயிர் மண்ணிலிருந்து எடுத்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்ற ஒளி வேண்டும். நிழலில், அதுவும் தொடர் மேகமூட்டத்தில், யூரியா போட்ட ஓட்ஸில் அது மாறாமல் தண்டில் தங்கிவிடுகிறது. முன்பு யூரியாவைக் குறைக்கச் சொன்னது இதற்காகவும்தான். தங்குவது தண்டின் அடிப்பகுதியில் என்பதால் உயர்த்தி அரியுங்கள். நாலைந்து நாள் மேகமூட்டமாக இருந்தால், இரண்டு நாள் நல்ல வெயில் அடித்த பிறகு அரியுங்கள். பசித்த மாட்டுக்கு முதல் தீவனமாக இதைப் போடாதீர்கள். காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நினைப்பதும் தவறு. காய்ந்த புல்லிலும் அது அப்படியே இருக்கும்.

இடது வயிறு உப்பினால் குளோவர் அதிகமாகிவிட்டது. பனிநீரோடு இருக்கும் குளோவரை வெறும் வயிற்றில் தின்னவிடக் கூடாது. பாதிக்கு மேல் புல் கலந்திருக்க வேண்டும்.

சிறுநீர் சிவப்பாகப் போனால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, உண்ணியால் வரும் காய்ச்சல். மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சொல்வார். மற்றது பெரணி. மலையில் தானாக வளரும் பெரணிச் செடியை மாடுகள் நெடுங்காலம் தின்றால் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வந்து இரத்தம் கசியும். நீலகிரி மாடுகளில் இது வெகுகாலமாக அறியப்பட்ட நோய். நிழலும் அமில மண்ணும் ஈரமும் இருக்கும் பேனல் ஓரங்கள் பெரணிக்கு உகந்த இடம். சுருண்ட இளந்தளிர் தெரியும்போதே அரிந்துவிடுங்கள். ஆண்டுக்குப் பலமுறை விடாமல் அரிந்தால் கிழங்கு சோர்ந்து அழியும். தீவனக் கட்டில் ஒரு இலைகூடக் கலக்காமல் பார்ப்பது அரிபவரின் பொறுப்பு.

செம்மறிகளுக்குத் தாடைக்குக் கீழே வீக்கம் வந்தால், சொட்டுக்கோட்டில் தேங்கும் நீரில் நத்தை இருக்கிறதா என்று தேடுங்கள். ஈரல் தட்டைப்புழு நத்தை வழியாகத்தான் வருகிறது. மருந்து கொடுத்துவிட்டு நீரை வடிக்காமல் விட்டால் திரும்ப வரும்.

மின்சாரம் குறைந்துவிட்டது

புல் உயர்ந்து பேனலின் கீழ் விளிம்பை மறைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சாண் நிழல்தானே என்று எண்ண வேண்டாம். பேனலின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. நெடுக்காக நிறுத்திய பழைய வகைப் பேனலில் கீழ் வரிசைச் செல்கள் முழுவதும் மறைந்தால், அந்தப் பேனல் ஏறக்குறைய முழுவதுமாக ஓய்ந்துவிடும். படுக்கையாக வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு போகும். ஆகவே தாழ்ந்த விளிம்பை ஒட்டிய ஒரு முழத்தில் குட்டையான புல்லே இருக்கட்டும். அங்கேயும் கிகுயுவே பொருத்தம். ஓட்ஸ் வேண்டாம்.

புல் மறைக்கவில்லை என்றால், கண்ணாடியின் கீழ்ச் சட்டத்தை ஒட்டிப் பச்சையாகப் பாசி படிந்திருக்கும். மூடுபனி நாடு இது. காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது வெறும் தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடையுங்கள்.

பேனலுக்கு அடியில் மோட்டார் புல்வெட்டி ஓட்டாதீர்கள். அது தெறிக்கவிடும் கல் பட்டுக் கண்ணாடி விரியும், கம்பியும் அறுபடும். கருக்கரிவாள்தான் ஏற்ற கருவி. ஈரப்புல்லில் கம்பி தோல் உரிந்து கிடந்தால் தொடாதீர்கள், மாட்டையும் விடாதீர்கள். வெயில் இருக்கும்வரை அதில் மின்சாரம் இருக்கும். மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை அந்த வரிசைக்குக் கயிறு கட்டி மறியுங்கள். வெள்ளாட்டை எந்த நிலையிலும் உள்ளே விட வேண்டாம். கம்பியைக் கடிக்கும், பேனல் மேல் ஏறும். செம்மறி பரவாயில்லை.

காட்டெருமை வருகிறது

குன்னூர், கோத்தகிரி பக்கம் இது அன்றாடம். பச்சைப்புல் இருக்கும் இடத்துக்கு அது வரத்தான் செய்யும். தாங்கிக் கம்பத்தில் உடலைத் தேய்த்தால் வரிசையே கோணிவிடும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது குற்றம். மனிதரும் யானையும் சாகிறார்கள். துடிப்பு மின்வேலி போடுவதென்றாலும் வனத்துறையிடம் கேட்டுப் போடுங்கள். எளிய வழி ஒன்று உண்டு: காட்டை ஒட்டிய கடைசி வரிசையின் ஓரத்தில் தீவனம் வைக்காமல் வெறுமனே விட்டுவிடுவது.

எல்லாம் செய்தும் நடுப்பட்டை தேறவில்லை

தாழ்ந்த விளிம்பு இடுப்புயரத்துக்குக் கீழே இருந்தால் அங்கே தீவனம் எதிர்பார்க்க வேண்டாம். ஒளியும் இல்லை, கைவிட்டு அரியவும் முடியாது. விதைக்கும் உரத்துக்கும் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, தரை வெறுமையாகாமல் சருகோ அரிந்த புல்லோ போட்டு மூடி வையுங்கள். அந்த விதைப் பணத்தைத் திறந்த பட்டைக்கும் மாறுபட்டைக்கும் திருப்புங்கள். சித்திரைக் கோடை மழை விழுந்து, மண் ஒரு சாண் ஆழம் நனைந்ததும் அங்கே விதைக்கலாம்.